அளந்த விதத்தையும் சேர்த்து எழுதுங்கள்

கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டாரத்தில் கடைகளும் அலுவலகங்களும் கட்டி வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு,



நான் கிள்ளைக்காரன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவதும், கட்டி முடித்த இடத்தை அளந்து கொடுப்பதும் என் தொழில். முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. உங்களில் சிலருடைய மனையில் அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்த காலையில் நானும் மேஸ்திரியோடு நின்றிருக்கிறேன். மூலைமட்டம் சரியாக உட்காரும்வரை கடப்பாரையைத் தொடவிடாமல் பிடிவாதம் பிடித்தவன் நான்தான் என்று நினைவிருக்கலாம். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இப்போது கடை வரிசைகள் வேகமாக எழும்புகின்றன. பிச்சாவரம் படகுத்துறைக்கு வருகிறவர்களை நம்பிச் சாலையோரம் சிற்றுண்டிக் கடைகள் வருகின்றன. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலையை ஒட்டி ஷோரூமும் கிடங்கும் எழும்புகின்றன. சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளிலும் பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் மூன்று மாடிக் காம்ப்ளக்ஸ்கள் நிற்கின்றன. கட்டுங்கள், நன்றாக இருங்கள். ஊருக்கும் அது நல்லது. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஒரு கடையை "இத்தனை சதுர அடி" என்று சொல்லும்போது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அதை எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் ஒரு பெண்ணிடம் கற்றேன்.

பல வருடங்களுக்கு முன் பத்துக் கடைகள் கொண்ட ஒரு வரிசைக்கு வரைபடம் போட்டேன். வேலை முடிந்து ஷட்டர் எல்லாம் மாட்டியாயிற்று. உரிமையாளர் நல்ல மனிதர். "வாடகைக்கு வர்றவங்ககிட்ட சொல்ல மொத்தமா ஒரு அளவு போட்டுக் குடுங்க" என்றார். ஒவ்வொரு கடைக்கும் 280 சதுர அடி என்று எழுதிக் கொடுத்தேன். எதையெல்லாம் சேர்த்து 280 என்று அவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. சதுர அடிக்குப் பத்து ரூபாய், மாதம் 2,800 ரூபாய் என்று பேச்சு முடிந்தது.

முடசல் ஓடைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர் நடுக்கடையை எடுத்தார். வலை, கயிறு, தக்கை, ஈயம் விற்கும் கடை வைப்பதாகத் திட்டம். கடை அகலம் பத்தடி என்று என் வரைபடத்தில் இருந்ததைப் பார்த்து, பின்சுவர் நீளத்துக்குப் பத்தடியில் இரும்பு ரேக் செய்யச் சொல்லியிருந்தார். ரேக் வந்து இறங்கிய அன்று அது உள்ளே நுழையவில்லை. பட்டறைக்காரர் என் வரைபடத்தைக் காட்டிச் சத்தம் போட்டார். அந்தப் பெண் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. இன்ச் டேப்பை எடுத்து அவரே அளந்தார். அகலம் ஒன்பதடி இரண்டு அங்குலம். ஆழம் பதினெட்டடி ஐந்து அங்குலம். ஒரு நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, உள்ள 169 தான் இருக்கு. 280-க்கு வாடகை குடுக்கறேன். மீதி 111 எங்க இருக்குன்னு காட்டுங்க. நான் போய் அதுல உக்காந்துக்கறேன்."

கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பொய்யான எண்ணை நான் எழுதவில்லை. ஆனால் அவருக்குப் புரியும்படியான எண்ணையும் எழுதவில்லை. அந்த 111 சதுர அடியைத் தேடிக் கண்டுபிடித்த கணக்கை இங்கே விரித்துச் சொல்கிறேன். நம் ஊரின் பெரும்பாலான வாடகைச் சச்சரவுகளும் இதற்குள்தான் கிடக்கின்றன.

பக்கத்துக் கடைச் சுவரின் நடுவிலிருந்து மறு சுவரின் நடு வரைக்கும் பத்தடி. முன் முகத்திலிருந்து பின்சுவரின் வெளிப்பூச்சு வரைக்கும் இருபதடி. பெருக்கினால் 200. கொத்தனார் கூலி பேசும்போது "ரெண்டு சதுரம்" என்பார். நூறு சதுர அடி ஒரு சதுரம். அந்த 200-தான் கட்டிய பரப்பு. இதில் ஒன்பது அங்குலச் சுவர்களும் பூச்சும் தின்றது 31 சதுர அடி. சிறிய கடையில்தான் சுவர் அதிகம் தின்னும். ஆயிரம் சதுர அடிக் கூடத்தில் ஏழெட்டு சதவீதம் போகிற இடத்தில், இருநூறு சதுர அடிக் கடையில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். முன்னால் ஐந்தடித் தாழ்வாரம். பத்துக் கடைக்கும் பொதுவாக நீளவாக்கில் ஓடுகிறது. இந்தக் கடைக்கு நேராக உள்ள பங்கு 50 சதுர அடி. பின்னால் மாடிப்படி, பொதுக் கழிப்பறை, மோட்டார் அறை எல்லாம் சேர்ந்து 300. பத்துக் கடைக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 30.

சுவருக்கு 31, தாழ்வாரத்துக்கு 50, படிக்கும் கழிப்பறைக்கும் 30. மொத்தம் 111.

ஆக, ஒரே கடைக்கு 169, 200, 250, 280 என்று நான்கு எண்கள். நான்கும் உண்மை. எந்த எண்ணைச் சொல்கிறோம் என்று சொல்லாதவரை நான்கும் தகராறு. பத்து ரூபாய் என்று பேசிய வாடகை, அந்தப் பெண் ரேக் போட்டு உட்காரும் இடத்துக்குக் கணக்குப் போட்டால் பதினாறரை ரூபாய்க்கு மேல் வருகிறது. அடுத்த தெருவில் இன்னொருவர் உள் அளவுக்குப் பதினான்கு ரூபாய் கேட்டால், அவர்தான் விலை அதிகம் சொல்வதாக ஊர் பேசும். உண்மையில் அவர் கடைதான் மலிவு.

உரிமையாளர்களாகிய உங்கள் மீது குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. நீங்கள் கட்டிய பரப்புக்குத்தான் மேஸ்திரிக்குக் கூலி தருகிறீர்கள். சிமென்டும் கம்பியும் சுவருக்குள்தான் போகின்றன. சொத்துவரியும் கட்டிய பரப்பின் மேல்தான் விழுகிறது. உங்கள் பை காலியானது 280 சதுர அடிக்கு. அதனால் உங்கள் மனதில் நிற்கும் எண் 280. வாடகைக்கு வருகிறவர் வாழப்போவது சுவர்களுக்கு இடையில். அவர் மனதில் நிற்கும் எண் 169. இரண்டு பேரும் நேர்மையானவர்களாக இருந்தும் சண்டை வருவது இதனால்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு காகிதம் இல்லை.

இந்தக் காகிதத்தை எழுத நாட்டில் விதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3861 என்ற தரம் இதற்காகவே இருக்கிறது. கட்டடத்தின் பிளிந்த் பரப்பு, கார்பெட் பரப்பு, வாடகைக்குரிய பரப்பு ஆகியவற்றை அளக்கும் முறையைச் சொல்லும் தரம் அது. இப்போது புழக்கத்தில் உள்ள பதிப்பு 2002-ஆம் ஆண்டினுடையது. பிளிந்த் ஏரியா என்று நாம் சொல்வது தளமட்டத்தில் சுவர்களையும் சேர்த்து அளப்பது. கார்பெட் ஏரியா என்பது பயன்படுத்தும் அறைகளின் தரைப்பரப்பு.

அடுத்தது 2016-இல் வந்த ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். வீடு மட்டும்தான் அதில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கடை, அலுவலகம், ஷோரூம், கிடங்கு ஆகியவற்றையும் அந்தச் சட்டம் தன் விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. கார்பெட் ஏரியாவுக்குச் சட்டத்திலேயே வரையறை உண்டு. வெளிச்சுவர், குழாய்கள் போகும் வழி, தனக்கென்று உள்ள பால்கனி, தாழ்வாரம், திறந்த மொட்டைமாடி ஆகியவை கழியும். உள்ளே தடுக்கும் சுவர் சேரும். ஆனால் அந்தச் சட்டத்தின் பிடி விற்பனையில்தான். வாடகைக்கு விடும்போது எப்படி அளப்பது என்பதை அது உங்கள் கையிலேயே விட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "கார்பெட் ஏரியா" என்று எழுதிவிட்டால் போதும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். போதாது. கடைக்குள்ளேயே நாலுக்கு ஐந்தில் ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ரெரா வரையறைப்படி அந்த 20 சதுர அடி கார்பெட் பரப்பில் சேரும். ஐ.எஸ். 3861 பொதுவாகக் கழிப்பறையைக் கழித்துவிடும். ஒரே சொல்லுக்கு இரண்டு அளவு. பெயரோடு நிறுத்தாமல் "இன்ன தரத்தின்படி" என்று ஒரு வார்த்தை சேர்த்தால்தான் எண் அசையாமல் நிற்கும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று. பொதுத்துறை வங்கிகள் கிளைக்கு இடம் தேடி நாளிதழ்களில் அறிவிப்பு விடுகின்றன. அவற்றை ஒருமுறை ஊன்றிப் படியுங்கள். கார்பெட் பரப்பு இத்தனை வேண்டும், வாடகை கார்பெட் பரப்பின் மேல்தான் என்று பெரும்பாலும் தெளிவாக எழுதியிருப்பார்கள். வங்கியின் பொறியாளர் டேப்போடு வந்து அளந்து கையெழுத்துப் போட்ட பிறகே ஒப்பந்தம். இருபது முப்பது வருடம் நகராத நல்ல வாடகைதாரர் வேண்டும் என்றால், அவர் கேட்கும் மொழியில் அளவு சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சூப்பர் பில்டப் மூவாயிரம்" என்று பொது இடத்தின் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அளந்து பார்த்தால் இரண்டாயிரம்கூட இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் அலுவலகக் கட்டடங்கள் அடுக்கடுக்காக எழும்பிய காலத்தில் இதே குழப்பம் அங்கேயும் இருந்தது. அதைத் தீர்க்க 1915-இல் அளவுமுறை ஒன்றை எழுதி வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? கட்டட உரிமையாளர்களும் மேலாளர்களும் சேர்ந்த சங்கம். பொமா என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். வாடகைதாரர் போராடி வாங்கிய விதி அல்ல. அரசு திணித்ததும் அல்ல. ஆளுக்கொரு அளவு சொன்னால் நம் எல்லோருடைய கட்டடத்தின் மேலும் நம்பிக்கை போகும் என்று உரிமையாளர்களே உணர்ந்து எழுதிக்கொண்டது. காலத்துக்கேற்பத் திருத்தி இன்றுவரை அதைப் பயன்படுத்துகிறார்கள். வாடகைதாரருக்கென்று உள்ள இடம் எவ்வளவு, பொது இடத்தில் பங்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியே காட்டியாக வேண்டும்.

பிறகு நாடுகளுக்கு இடையிலும் அதே சிக்கல் வந்தது. ஒரு நாட்டு அலுவலகத்தின் சதுர மீட்டரும் இன்னொரு நாட்டுச் சதுர மீட்டரும் ஒன்றாக இல்லை. அளக்கும் முறையைப் பொறுத்து ஒரே கட்டடத்தின் பரப்பு 24 சதவீதம் வரை வேறுபடலாம் என்று ஜேஎல்எல் என்ற சொத்து ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. 2013-இல் பல நாட்டுத் தொழில் அமைப்புகள் வாஷிங்டனில் கூடிக் கூட்டணி அமைத்து, 2014-இல் அலுவலகங்களுக்கான சர்வதேச அளவுத் தரத்தை வெளியிட்டன. அது மூன்று அளவுகளைப் பிரித்தது. வெளிச்சுவரின் புறத்தோடு அளப்பது முதலாவது. உள்முகத்தோடு அளப்பது இரண்டாவது. ஒருவர் தனக்கே தனக்கென்று பயன்படுத்தும் இடம் மூன்றாவது. நம் கடை வரிசையில் நான் விரித்துக் காட்டிய நான்கு எண்களும் இதே கதைதான். வாஷிங்டனில் உட்கார்ந்து பேசியதை முடசல் ஓடைப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அளவு என்றவுடன் வாடகையை மட்டும் நினைக்கிறோம். கட்டடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. தாழ்வாரம், மாடிப்படி, நடைவழி எல்லாம் வாடகை வராத இடம் என்று எண்ணிக் குறுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். படியை மூன்றடியாகச் சுருக்கி, மிச்சத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை பிடிக்கிறார்கள். நமக்கு எட்டும் தூரத்தில் கும்பகோணம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் மாடியில் நெரிசலாக உட்கார்ந்திருந்த 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் வரைபலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து மாடிப்படியை வீண் இடம் என்று யார் சொன்னாலும் என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

ஒரு தளத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், வெளியேற எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்கிடுவது பரப்பை வைத்துத்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு தெருத்தளக் கடைக்கு ஆளுக்கு 3 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. மாடிக் கடைக்கு 6, அலுவலகத்துக்கு 10, கல்விக்கு 4. இருநூறு சதுர மீட்டர் மாடியை அலுவலகம் என்று காட்டினால் 20 பேர். அதே மாடியை நாளை ஒரு டியூஷன் சென்டருக்கு விட்டால் 50 பேர். பரப்பு மாறவில்லை, படியின் அகலமும் மாறவில்லை. ஆனால் அந்தப் படியில் இறங்கவேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை மாறிவிட்டது. வாடகைக்கு விடும் முன் இந்த ஒரு பெருக்கலையாவது போட்டுப் பாருங்கள்.

நம் கடலோரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவக் குடியிருப்பு அழிந்ததைக் கண்ணால் பார்த்த யாரும் இங்கே தளத்தைத் தாழ்த்திக் கட்டத் துணிவதில்லை. மழைக்காலத்தில் உப்பனாறும் வெள்ளாறும் பொங்குகிற ஊரில் மூன்றடி உயரத் தளம் நியாயமானதுதான். மூன்றடி ஏறப் படி போதும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது முறை. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. வரைபடம் போடும்போதே இந்த முப்பத்தாறு அடிக்கு இடம் ஒதுக்கிப் பொதுப் பரப்பில் சேர்த்துவிட்டால் அது எல்லோருக்குமான செலவாகப் பங்கிடப்படும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சாய்தளம் வாய்க்கால் மேலும் சாலை மேலும் நீளும்.

அங்கே இன்னொரு தவறும் ஒட்டிக்கொள்கிறது. வாய்க்காலுக்கு மேல் பலகை போட்டு நீட்டிய தாழ்வாரத்தையும் சேர்த்துச் சதுர அடி சொல்லி வாடகை வாங்குகிறோம். அது ஊர் நிலம். ஒருநாள் ஆக்கிரமிப்பு அகற்ற இயந்திரம் வந்தால், வாடகைதாரருக்கு 50 சதுர அடி போய்விடும். வாடகை மட்டும் அப்படியே நிற்கும். நம் மனைக்குள் உள்ளதைத்தான் நாம் அளக்க முடியும். அதற்கு வெளியே உள்ளதை அளந்து விற்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

பழைய வீடுகளின் திண்ணையை எண்ணிப் பாருங்கள். வழிப்போக்கரும் உட்காரலாம், விற்கவந்தவரும் கூடையை இறக்கலாம். யாரும் அதற்குச் சதுர அடி பேசவில்லை. இன்று அந்தத் தாராளத்தைக் கேட்க வரவில்லை. தாழ்வாரத்துக்கும் காசு செலவாகிறது, அதன் பங்கை வாங்குவது நியாயம். ஆனால் அது தாழ்வாரம் என்று சொல்லி வாங்குங்கள். கடை என்று சொல்லி வாங்காதீர்கள்.

அளவை ஒளிவுமறைவில்லாமல் வைப்பது நமக்குப் புதியதும் அல்ல. முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலம் முழுக்க அளக்கப்பட்டது. வேலிக் கணக்கை முந்திரி, கீழ்முந்திரி வரைக்கும் பிரித்துக் கல்லில் வெட்டினார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. எனக்கு அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று. நிலம் அளந்த கோலின் நீளத்தையே கோயில் சுவர்களில் கோடாக வெட்டி வைத்தார்கள். வரி வாங்குகிறவர் கோல் நீளமா, கொடுக்கிறவர் கோல் குட்டையா என்று சந்தேகம் வந்தால், யாரும் போய்த் தன் கோலை அந்தச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை வேலி என்ற எண்ணோடு எந்தக் கோல் என்பதும் பொதுவில் இருந்தது. இன்று நாம் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம். கோலைத் தொலைத்துவிட்டோம்.

நம் மீன் ஏலத்திலும் பாருங்கள். ஒரு கிலோ இறால் விற்கிறவரின் தராசில் முத்திரை வேண்டும். முத்திரை ஆய்வாளர் வந்து கேட்பார். அந்த இறாலை விற்ற காசில் மாதாமாதம் வாடகை கொடுக்கும் கடையின் அளவுக்கு எந்த முத்திரையும் இல்லை. சட்டம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி நான் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாளில் சிறு வரைபடம் போடச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு, கல் ஒட்டிய பிறகு, உண்மையில் அளந்த அளவு அதில் இருக்க வேண்டும். கட்டும் முன் போட்ட வரைபடத்தின் அளவு போதாது. நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் குறியுங்கள். கடை கோணலாக இருந்தால் அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, மூன்று எண்களைத் தனித்தனியே எழுதுங்கள். உள் பரப்பு, சுவர் பிடிக்கும் பரப்பு, பொது இடத்தில் பங்கு. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக வாடகை பேசுவது உங்கள் விருப்பம். கூட்டுவதற்கு முன் பிரித்துக் காட்டியிருந்தால் போதும்.

மூன்றாவது, எண்களுக்குக் கீழே ஒரு வாக்கியம். "பூசிய சுவரின் உள்முகத்திலிருந்து தளமட்டத்தில் அளந்தது, தூண் கழிக்கப்பட்டது, பரண் சேர்க்கப்படவில்லை, ஐ.எஸ். 3861-இன்படி" என்பதுபோல. பங்குச்சுவரைப் பாதியாகப் பிரித்தீர்களா, கழிப்பறையைச் சேர்த்தீர்களா, ஷட்டருக்கு உள்ளா வெளியா, எல்லாம் அந்த வாக்கியத்தில் அடங்கிவிடும்.

நான்காவது, பொது இடத்தைப் பங்கிட்ட முறையைச் சொல்லுங்கள். மாடிப்படியில் தரைத்தளக் கடைக்காரருக்கும் பங்கு உண்டா? கழிப்பறையின் சாவி எல்லோரிடமும் இருக்கிறதா? பூட்டி வைத்த கழிப்பறைக்குப் பங்கு வாங்கக் கூடாது.

ஐந்தாவது, அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு இணைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அது சொல்கிறது. எப்படியும் எழுதத்தான் போகிறோம். அதோடு ஒரு தாள் சேர்வதில் பாரம் எதுவும் இல்லை. ஜிஎஸ்டி வரம்புக்குள் வருகிறவர்களுக்கு வாடகையின் மேல் 18 சதவீதம் சேர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அளவில் விழுந்த பிழைக்கும் சேர்த்து வரி கட்டுவது யாருக்கும் லாபம் இல்லை.

என்னைப்போல் வரைபடம் போடுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. உரிமையாளர் மொத்தமாக ஒரு எண் கேட்டால், எண்ணைக் கொடுங்கள். கீழே அந்த ஒரு வாக்கியத்தையும் கேட்காமலே எழுதிவிடுங்கள். நான் அன்று எழுதாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான். ஒரு பெண்ணின் ரேக் அதனால் பாழானது.

அந்தக் கதை எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை நானும் உரிமையாளரும் அந்தப் பெண்ணும் அதே தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். 169, 31, 50, 30 என்று நான்கையும் எழுதினேன். உரிமையாளர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதான் எனக்கே தெரியுது" என்றார். சுவருக்கும் தாழ்வாரத்துக்கும் காசு போட்டது அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. பூட்டிக் கிடந்த கழிப்பறைக்கும் ஏறாத மாடிப்படிக்கும் அவர் பங்கு தருவது சரியில்லை என்று உரிமையாளருக்குப் புரிந்தது. அந்த 30 சதுர அடியைக் கழித்து வாடகை 2,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். கழிப்பறைச் சாவியில் ஒன்று அவர் கைக்கு வந்தது. ரேக்கை இரு பக்கமும் ஐந்தைந்து அங்குலம் வெட்டி மறுபடி பற்றவைத்த கூலியை நான் கொடுத்தேன். அது என் கடன்.

வாடகை பிறகு பலமுறை ஏறியது. ஒவ்வொரு முறையும் விலையைப் பற்றிப் பேசினார்கள். அளவைப் பற்றிப் பேச அவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை. நான் பென்சிலால் போட்ட அந்தத் தாளை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். வலை வாங்க வந்த யாராவது "கடை எத்தனை சதுர அடிம்மா?" என்று கேட்டால் அவர் எண் எதுவும் சொல்வதில்லை. திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தி அந்தத் தாளைக் காட்டுவார்.

உங்கள் கடைகளில் ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்.

அன்புடன்,
கிள்ளையிலிருந்து ஒரு வரைபடக்காரன்